பெண் பார்க்கப் போன ஐந்து வாரம்

எனக்குப் பொறுமை கிடையாது. மார்த்தாண்டத்தில் என்னிடம் கார் ஓட்டப் படித்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வாள்; லைசென்ஸ் கிடைத்த கதையெல்லாம் அப்புறம்தான். பெண்களுக்கு மட்டும் டிரைவிங் சொல்லிக்கொடுக்கிற தொழில் என்னுடையது. ஒரு பழைய வெள்ளைக் கார், அதன் கூரையில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை, இடது பக்க சீட்டுக்குக் கீழே எனக்கென்று தனியாக ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும். படிக்க வந்தவள் வலது பக்கம் இருந்து ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருப்பாள். நான் இடது பக்கம் இருந்து திட்டிக்கொண்டிருப்பேன். எதிரே லாரி வந்தால் அவள் கண்ணை மூடிக்கொள்வாள், என் கால் பிரேக்கை அமுக்கும். இந்த இரண்டாவது பிரேக் பின்னால் வரும் என்பதால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

என் அண்ணன் வீடு அடுத்த வீடு. அண்ணன் மனைவியை நான் மைனி என்று கூப்பிடுவேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலி உண்டு, அந்த வேலியில் நாங்கள் போய்வருகிற அளவுக்கு ஒரு ஓட்டையும் உண்டு. மைனி எனக்கு நேர் எதிர். சத்தமாகச் சிரிக்க மாட்டாள். உள்பாடியைக் கொடியில் போட்டால் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக் காயவைப்பாள். துண்டு காயும், அது காயாது. அப்படி ஒரு வெட்கம்.

அவள்தான் ஒருநாள் வேலி ஓட்டையில் தலையை நீட்டி, மார்த்தாண்டம் போகும்போது மருந்துக் கடையில் நாப்கின் வாங்கிவரச் சொன்னாள். அவளுக்கு மாதவிலக்கு நின்று வருடங்கள் ஆகிவிட்டன என்பது எனக்குத் தெரியும்.

"யாருக்கு மைனி?"

"ஒரு விருந்தாளி வாறா மக்கா."

"எந்த விருந்தாளி? வீட்டுல நீங்களும் அண்ணனும் பூனையும்தான். பூனைக்கா?"

அவள் சிரிக்கவில்லை. தலையை இழுத்துக்கொண்டாள். நான் வேலியைத் தாண்டிப் போய், அடுக்களையில் அவளை நிறுத்திவைத்து விசாரித்தேன். இரண்டு மாதமாக இரத்தம் போகிறது என்றாள். சூடு என்று நினைத்து இளநீர் குடித்தாளாம்.

தக்கலையில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் தெருவில் கர்ப்பப்பையை எடுப்பது காது குத்துவதைப் போல. நாற்பதைத் தாண்டி ஏதாவது தொந்தரவு என்றால், "எடுத்துப் போட்டா தீர்ந்துல்லா" என்பார்கள். எடுத்துப் போட்டுவிட்டு வந்து நலம் விசாரிக்கிறவர்களுக்கு டீயும் போட்டுக் கொடுப்பார்கள். மைனியும் அதற்குத் தயாராகப் பையில் இரண்டு நைட்டியைக்கூட வைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஆனால் அந்த டாக்டர் அவசரப்படவில்லை. சின்னதாகச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் எங்களை உட்காரவைத்து, வெளிக்கதவைச் சாத்தினார்.

"இது கர்ப்பப்பை வாயில வந்திருக்கிற புற்றுநோய். நாளைக்கே எடுத்துடுங்கன்னு நீங்க கேட்டா எடுக்க என்னால முடியும். ஆனா எடுக்கக்கூடாது. இதுக்குன்னே தனியாப் படிச்ச டாக்டர் முதல்ல பார்த்து, எவ்வளவு பரவியிருக்குன்னு தெரிஞ்சு, அப்புறம்தான் எந்த வைத்தியம்னு முடிவு பண்ணணும். முந்திக்கிட்டு அறுத்தா இருக்கிற வழியும் அடைஞ்சுபோகும். நம்ம மாவட்டத்துப் பொம்பளைங்க நிறையப் பேர் அறுத்துட்டுத்தான் அங்க போறாங்க."

அண்ணனுக்கு இது புரியவில்லை. "ஒரு கர்ப்பப்பைக்கு திருவந்திரம் வரைக்கும் போவணுமா? நம்ம தெருவுல பாதிப் பேரு இங்கனயே எடுத்திட்டு மறுவாரம் மீன் வாங்கப் போகல்லியா?" என்று முற்றத்தில் நின்று கத்தினார். பயந்தால் கத்துவது எங்கள் குடும்ப வழக்கம். நானும் பதிலுக்குக் கத்தினேன். கத்தி முடித்து இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். மறுநாள் காலையில் காரை எடுத்தேன்.

திருவனந்தபுரத்தில் நாங்கள் பார்த்த சிறப்பு டாக்டர் ஒரு குள்ளமான பெண். பாதி மலையாளம், பாதி தமிழ். பரிசோதித்த பிறகு ஒரு தாளில் தலைகீழாக ஒரு கொய்யாப்பழம் போல வரைந்து, நோய் எங்கே இருக்கிறது, பக்கத்தில் எதுவரை வந்திருக்கிறது என்று காட்டினார். அறுவை வேண்டாம், ஐந்து வாரம் தினமும் கதிர் சிகிச்சை, வாரத்துக்கு ஒருநாள் மருந்து, கடைசியில் உள்ளே கருவி வைத்துக் கொடுக்கும் கதிர் என்றார். சுகமாகுமா என்று நான் கேட்டேன். முழுசாக முடித்தால் நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றவர், மைனியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மே, ஒரு திவசம் முடக்கான் பாடில்லா, கேட்டோ" என்றார். ஒரு நாளைக்கூட விடக்கூடாது. விட்டு விட்டு வந்தால் நோய்க்கு மூச்சு வாங்க நேரம் கிடைத்துவிடுமாம்.

காரில் ஏறியதும் மைனி என்னிடம் ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஊருக்குத் தெரியக்கூடாது. பயலுக்கும் தெரியக்கூடாது. அவனுக்கு இனி ஒரு பொண்ணு பாக்கணும். தாய்க்கு அங்கன நோயின்னு சொன்னா எவன் பொண்ணு தருவான்? தெரிஞ்சா நான் அன்னைக்கே நிறுத்திருவேன்."

பயல் என்றது அவளுடைய ஒரே மகனை. அவன் துபாயில் வேலை பார்க்கிறான். நான் சரி என்றேன். மைனி நல்ல பெண்தான், ஆனால் நிறுத்துவேன் என்றால் நிறுத்திவிடுவாள். வெட்கப்படுகிறவர்களின் பிடிவாதம் வேறு யாருக்கும் வராது. திருவனந்தபுரத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கலாம் என்றேன். ஐந்து வாரம் ஆளைக் காணவில்லை என்றால் ஊர் மோப்பம் பிடித்துவிடும் என்று அதையும் மறுத்துவிட்டாள். ஆகவே தினமும் காலையில் போய் மதியம் தாண்டித் திரும்பி வருவது என்று முடிவானது. என்னிடம் படித்துக்கொண்டிருந்த பெண்களையெல்லாம் சாயங்காலத்துக்கு மாற்றினேன்.

இரண்டாவது நாளே டீக்கடையில் அண்ணனைப் பிடித்துக் கேட்டுவிட்டார்கள், தினமும் காலையில் தங்கச்சி காரில் மனைவி எங்கே போகிறாள் என்று. அண்ணனுக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. பழக்கம் இல்லாதவர்கள் பொய் சொன்னால் அது பெரிய பொய்யாகத்தான் வரும். "பயலுக்குப் பொண்ணு பாக்கப் போறாங்க" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் ஊரில் ஆஸ்பத்திரியை மறைக்கலாம், கடனை மறைக்கலாம். கல்யாணப் பேச்சை மறைக்க முடியாது. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து மைனி நல்ல சேலையாக உடுத்தவேண்டி வந்தது. பெண் பார்க்கப் போகிறவள் வீட்டுச் சேலையில் போக முடியுமா? தினமும் ஒரு சேலை, தினமும் தலையில் பூ. ஆஸ்பத்திரியில் அதையெல்லாம் அவிழ்த்து மடித்து என் மடியில் வைத்துவிட்டு, அவர்கள் கொடுத்த கவுனைப் போட்டுக்கொண்டு உள்ளே போவாள். கதிர் கொடுப்பதற்கு முன்னால் நிறையத் தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும். அதற்குப் பிறகு வயிறு அடங்காது. களியக்காவிளையிலிருந்து பாலராமபுரம் வரை எந்தப் பெட்ரோல் பங்கில் கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்று கேட்டால் இன்றைக்கும் நான் தூக்கத்தில் சொல்வேன்.

இடது பக்க சீட்டில் மைனி உட்கார்ந்ததில் இன்னொரு தொல்லை. அவள் காலுக்குக் கீழே பிரேக் இருந்தது. லாரி வந்தால் அமுக்குவாள், பஸ் வந்தால் அமுக்குவாள், ஆடு ரோட்டைப் பார்த்தாலே அமுக்குவாள். கூரையில் டிரைவிங் பலகை இருப்பதால், பின்னால் வருகிறவன் நான் படிக்கிறவள் என்று நினைத்து, "பைய ஓட்டுங்க சேச்சி, பேடிக்கண்டா" என்று, பயப்படாதே என்ற அர்த்தத்தில், ஆறுதல் சொல்லிவிட்டுப் போவான். எத்தனையோ பெண்களுக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்த எனக்கு! பின் சீட்டுக்குப் போங்கள் என்றால், பின்னால் இருந்தால் குமட்டுகிறது என்பாள். நானும் அந்த பிரேக்கோடு வாழப் பழகிக்கொண்டேன்.

மதியத்துக்கு மேல் தெருவுக்குள் கார் நுழையும்போது மைனி வாடிப்போய்ச் சாய்ந்திருப்பாள். அதைப் பார்த்த பெண்கள் தாங்களாகவே அர்த்தம் செய்துகொண்டார்கள்.

"இன்னைக்கும் செரியாவல்ல போல."

"கவலப்படாதீங்க. கர்த்தர் அவனுக்குன்னு ஒருத்திய ஆயத்தப்படுத்தி வச்சிருப்பாரு."

மூன்றாவது வாரம் ஆனதும் ஆறுதல் கோபமாக மாறியது. தினமும் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்கிறாளாம், அப்படி எந்த ராஜகுமாரியைத் தேடுகிறாளோ என்று பேச்சு. மைனி மெலிந்ததற்கும் காரணம் கண்டுபிடித்தார்கள்: மகன் கல்யாணக் கவலை. சபை ஊழியர் ஒருநாள் அண்ணனை நிறுத்தி, கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிறு கோவிலில், அதாவது சர்ச்சில், வாசிக்க வேண்டுமே, பெண்ணின் பெயரைச் சீக்கிரம் கொடுத்தால் நல்லது என்றார். அண்ணன் அடுத்த இரண்டு ஞாயிறும் கோவிலுக்குத் தலைவலி என்று போகவில்லை.

செய்தி துபாய்க்கும் போய்விட்டது. மகன் என்னைக் கூப்பிட்டான்.

"அத்தே, எனக்குப் பொண்ணு பாக்கியளாமே. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல்ல. செரி, போட்டோ அனுப்புங்க. நான் தாடிய எடுத்தாச்சு."

அந்தத் தாடியை அவன் எத்தனை பாசமாக வளர்த்தான் என்று எனக்குத் தெரியும். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவசரப்படாதே மக்கா என்று சொல்லிப் போனை வைத்தேன்.

நான்காவது வாரக் கடைசி, ஒரு வெள்ளிக்கிழமை. காரை எடுக்க வெளியே வந்தால் அண்ணன் வீட்டு வாசலில் ஒரு வேன் நிற்கிறது. வேன் நிறையப் பட்டுச்சேலை. கோவில் பெண்கள் சங்கத்தார் அன்றைய உபவாச ஜெபத்தைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருந்தார்கள். சங்கத்தில் இல்லாத, எங்கள் கோவிலுக்கே வராத அய்யாவழிக் குடும்பத்து எதிர்வீட்டுக்காரியும் உள்ளே இருந்தாள். நடுவில் தாம்பாளங்கள்: செவ்வாழை, மட்டிப்பழம், பயறு உருட்டிப் பொரித்த முந்திரிக்கொத்து. முன் சீட்டில் சங்கச் செயலாளர் அக்கா. அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல். சங்கக் கூட்டத்தில் எந்தத் தீர்மானம் என்றாலும் அக்கா முதலில் கையைத் தூக்குவார்; அக்கா தூக்கினால் எல்லாரும் தூக்குவார்கள். எதற்குத் தூக்கினோம் என்று வீட்டுக்குப் போகும் வழியில் விசாரித்துக்கொள்வார்கள்.

"இத்தன நாளா நீங்க ரெண்டு பேரும் தனியாப் போயி என்ன கிடைச்சு?" என்றார் அக்கா மைனியிடம். "உனக்குப் பேசத் தெரியாது. இவளுக்குப் பேசினா சண்டதான் தெரியும். இன்னைக்கு நாங்க வாறோம். முடிச்சிட்டுத்தான் திரும்புவோம்."

அண்ணன் ரப்பர் தோட்டத்துக்குள் ஓடி மறைந்தார். நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். பெண் வீட்டில் இத்தனை பேருக்கு இடம் இருக்காது என்றேன். நிற்போம் என்றார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது. எங்களுக்கு மெஷினில் கொடுத்திருந்த நேரம் தவறினால் அன்றைய கதிர் போய்விடும். வேறு வழியில்லாமல் காரைக் கிளப்பினேன். வேன் பின்னாலேயே வந்தது. கண்ணாடியில் பார்த்தால் அக்காவின் கடுகு நிறப் பட்டு தெரிகிறது. பாட்டுச் சத்தம் வேறு.

களியக்காவிளை தாண்டியதும் மைனி பிரேக்கை அமுக்கினாள். லாரியும் இல்லை, ஆடும் இல்லை. வண்டி குலுங்கி, இன்ஜின் அணைந்து, ரோட்டோரத்தில் நின்றது.

"திருப்பு ஏட்டி."

"எங்க திருப்ப?"

"வீட்டுக்கு. எனக்குத் தல சுத்துகுன்னு சொல்லு."

"இன்னைக்கு விட்டா சனியும் ஞாயிறும் சேந்து போவும். டாக்டரு என்ன சொன்னா?"

"நாலு வாரம் ஆச்சுல்லா. அது போதும். இத்தன பேருக்கு முன்னால நான் அங்க எறங்க மாட்டேன். செத்தாலும் மாட்டேன்."

நான் இன்ஜினைத் திரும்பக் கிளப்பினேன். வண்டி நகர்ந்ததும் அவள் மறுபடி அமுக்கினாள். மறுபடி நின்றது. படிக்க வருகிறவளின் முட்டாள்தனத்துக்காகத்தான் அந்த பிரேக்கை வைத்தார்கள். சொல்லிக்கொடுக்கிறவள் ஓட்ட, முட்டாள்தனம் இடது பக்கம் வந்து உட்காரும் என்று யார் கண்டது? எனக்கு வந்த கோபத்தில் ஸ்டியரிங்கை அடித்தேன், அது ஹார்னில் பட்டு அலறியது. கையை எடுக்கவில்லை. ஹார்ன் அடித்துக்கொண்டே அழுதேன்.

"எனக்கு நீங்க வேணும் மைனி. ஊரு என்னத்தயும் நெனைக்கட்டு. உங்க மகனுக்குப் பொண்ணு கிடைக்காட்டி அவன் தாடி வளத்திட்டுத் திரியட்டு. எனக்கு நீங்க உயிரோட வேணும்."

இத்தனை வருடத்தில் அவளிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் முன்னால் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் பிரேக்கில்தான் இருந்தது.

செயலாளர் அக்கா வேனிலிருந்து இறங்கி வந்து மைனி பக்கக் கண்ணாடியைத் தட்டினார். அவர் முகம் வியர்த்து, அந்தக் கடுகுப் பட்டைவிட மஞ்சளாக இருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

"என்னத்துக்கு நிக்குது? மக்கா, ஏன் கண்ணு கலங்கியிருக்கு? பொண்ணு வீட்டுல ஏதாவது சொல்லிருவாங்கன்னு பயமா? இத்தன பேரு கூட இருக்கோம்லா. ஆரு என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிடுகேன்."

மைனி அவர் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "நீங்க பாத்துக்கிடுவியளா? செரி அக்கா, அப்பம் வேனுல ஏறுங்க" என்றாள். காலை எடுத்தாள். நான் காரைக் கிளப்பினேன். அதற்குப் பிறகு திருவனந்தபுரம் வரை அவள் ஒரு தடவைகூட அமுக்கவில்லை.

ஆஸ்பத்திரி வளாகத்தில் வேன் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது. பாட்டு நின்றுவிட்டது. வாசலில் இருந்த பலகையை ஒவ்வொருத்தியும் படித்துவிட்டு மற்றவள் முகத்தைப் பார்த்தாள். மைனி காரிலிருந்து இறங்கி, சேலை மடிப்பைச் சரிசெய்து, வேன் கதவைத் தானே திறந்துவிட்டாள்.

"பொண்ணு வீடு இதுதான். எறங்குங்க. எனக்குக் கர்ப்பப்பையில புற்றுநோய். நாலு வாரமா இங்கதான் வாறேன். உள்ள போயிட்டு வந்து மிச்சம் சொல்லுகேன், இப்பம் நேரமாச்சு."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னது உள்பாடியைத் துண்டால் மூடிக் காயவைக்கிற என் மைனிதான் என்று எனக்கே நம்ப முடியவில்லை.

காத்திருக்கும் கூடத்தில் நாங்கள் எல்லாரும் உட்கார்ந்தோம். எதிர்வீட்டுக்காரிதான் முதலில் எழுந்து, தாம்பாளத்திலிருந்து ஒரு மட்டிப்பழத்தை உரித்து, பக்கத்தில் தலையில் துணி கட்டியிருந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்தாள். அதன் பிறகு மற்றவர்களும் எழுந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்க முந்திரிக்கொத்து கடிக்கிற சத்தம். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், பெண் பார்க்க வந்தோம் என்றே சொன்னார்கள். வேறு என்ன சொல்ல முடியும்?

மைனி வெளியே வந்தபோது சிறப்பு டாக்டரும் கூட வந்தார். பட்டுச்சேலைக் கூட்டத்தைப் பார்த்து அவருக்கு ஒரே சிரிப்பு. விஷயம் கேட்டறிந்ததும் இன்னும் சிரித்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எங்கள் நடுவில் உட்கார்ந்தார். இந்த நோய் வருவதற்கு முன்னாலேயே கண்டுபிடிக்க ஒரு பரிசோதனை இருக்கிறது, அறுக்கவோ குத்தவோ வேண்டாம், சின்னத் தூரிகையால் தொட்டு எடுப்பதுதான், பக்கத்துக் கட்டிடத்தில் இன்றைக்கே செய்யலாம் என்றார். "ஆருக்கெல்லாம் பார்க்கணும்?"

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தி கொலுசைச் சரிசெய்தாள். ஒருத்திக்கு உடனே வீட்டில் அடுப்பை அணைக்காத ஞாபகம் வந்தது.

செயலாளர் அக்கா கையைத் தூக்கினார்.

சங்கக் கூட்டத்தில் தூக்குவதைப் போல விறைப்பாக இல்லை. பாதிவரைதான் போனது. அக்கா கை தூக்கியதைக் கண்டதும் பழக்கதோஷத்தில் அத்தனை கையும் மேலே போய்விட்டது. இந்தத் தடவை எதற்குத் தூக்கினோம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இருந்தும் யாரும் இறக்கவில்லை.

பக்கத்துக் கட்டிடத்துக்கு நடக்கும்போது அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ, குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"எனக்கும் ரெத்தம் போகுது மக்கா. கிறிஸ்மஸுக்கு முன்னமே தொடங்கிச்சு. ஆருட்டயும் சொல்லல்ல. அடுத்த மாசம் எடுத்துப் போட நாள் குறிச்சாச்சு. மெட்ராஸுல மக வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போவலாம்னு இருந்தேன்."

எனக்கு அவரை அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடிக்கவேண்டும் போலவும் இருந்தது. இரண்டாவதைச் செய்தேன். சிறப்பு டாக்டரிடம் நானே கூட்டிக்கொண்டு போய், நாள் குறித்ததையும் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு பரிசோதனைகளை வரிசையாக எழுதிக் கொடுத்தார்.

அதற்குள் கூடத்தில் இன்னொரு வேலை நடந்திருந்தது. எதிர்வீட்டுக்காரி மைனியின் போனிலிருந்து துபாய்க்குக் கூப்பிட்டு, "உனக்குப் பொண்ணும் பாக்கல்ல, ஒண்ணும் பாக்கல்ல. அம்மைக்கு இங்க வைத்தியம் நடக்குது. நீ தாடிய வளத்துக்கோ" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் முடிவதற்குள் அவன் ஊருக்கு வந்து நின்றான். அம்மாவைக் கட்டிக்கொண்டு முற்றத்தில் நின்று கத்தினான். அவனும் எங்கள் குடும்பம்தானே.

ஐந்தாவது வாரத்தை மைனி ஒரு நாள்கூட விடாமல் முடித்தாள். வீட்டுச் சேலையில் போனாள். உள்ளே வைக்கிற கதிரும் முடிந்தது. அக்காவுக்கு நோய் ஆரம்பத்திலேயே அகப்பட்டிருந்தது. அவருக்கு அறுவைதான் வைத்தியம்; ஆனால் எங்கள் தெருவுக்குத் தெரிந்த "எடுத்துப் போடுகிற" அறுவை அதற்குப் போதாதாம். சுற்றியுள்ளவற்றையும் சேர்த்து, அதற்கென்று படித்த கையால் செய்ய வேண்டியதாம். அந்தக் குள்ளமான டாக்டர்தான் செய்தார். முன்னால் குறித்த நாளில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டேன். "அது இப்போ எந்தினா? வந்நல்லோ" என்று சிரித்துவிட்டுப் போனார். வந்துவிட்டீர்களே, அது போதும் என்று அர்த்தம்.

தக்கலை லேடி டாக்டரும் இந்த டாக்டரும் இப்போது பேசி வைத்திருக்கிறார்கள். மாதம் ஒருமுறை திருவனந்தபுரத்திலிருந்து ஒரு குழு எங்கள் கோவில் மண்டபத்துக்கே வருகிறது. சங்கத்தார், சங்கத்தில் இல்லாதவர்கள், மணவாளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து மீன்காரப் பெண்கள் எல்லாரும் வருகிறார்கள். முந்தின ஞாயிறு செயலாளர் அக்கா கோவிலில் எழுந்து நின்று அறிவிக்கிறார். மைக் வேண்டியதில்லை. தொடக்கத்தில் ஆண்கள் பக்கம் இருமினார்கள். இப்போது பழகிவிட்டது.

போன மாதம் உண்மையாகவே பெண் பார்க்கப் போனோம். பாறசாலைப் பக்கம். பெண்ணைக் கண்டுபிடித்தது அக்காதான். பெண் பார்க்கத்தானே புறப்பட்டேன், பார்க்காமல் விடமாட்டேன் என்று அன்றைக்கே சபதம் எடுத்திருந்தார். அதே வேன், அதே கடுகுப் பட்டு, அதே முந்திரிக்கொத்து. வேனில் ஏறும்போது ஒருத்தி என்னிடம், "ஏட்டி, இது உள்ளதுதானா? எந்த ஆஸ்பத்திரின்னு இப்பமே சொல்லிரு" என்று கேட்டாள்.

பெண் வீட்டில் உட்கார்ந்து டீ வருவதற்கு முன்னாலேயே அக்கா தொண்டையைச் செருமினார். மைனி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அக்கா நிறுத்தவில்லை.

"ஒரு காரியம் மொதல்லயே சொல்லணும். பையனுக்க அம்மைக்குக் கர்ப்பப்பையில புற்றுநோய் வந்து சொகமாச்சு. எனக்கும் வந்து சொகமாச்சு. இதுல உங்களுக்கு ஏதாவது வருத்தம் உண்டும்னா இப்பமே சொல்லிருங்க. முந்திரிக்கொத்த நாங்க திரும்ப எடுத்திட்டுப் போயிருவோம்."

பெண்ணின் அப்பா விசிறியைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தார். புதிதாக வளர்ந்த தாடிக்குள் மகன் வியர்த்தான். மைனியின் கை என் தொடையில் இறுகியது. இந்த ஒரு நிமிடத்துக்குப் பயந்துதானே அவள் களியக்காவிளையில் செத்தாலும் மாட்டேன் என்றாள்.

பெண்ணின் அம்மா எழுந்து உள்ளே போனாள். போனவள் டீத் தட்டோடு வந்து, எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, கடைசியில் மைனி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே, ஆண்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"இதுக்கு ஒரு டெஸ்டு உண்டுல்லா, அது எடுத்தா நோவுமா?"

"ஒண்ணும் நோவாது" என்றாள் மைனி. "எப்பம் வேணும்னு சொல்லுங்க. காரு நம்ம காருதான்."

நிச்சயத்துக்கு நாள் குறித்துவிட்டுத் திரும்பினோம். சாயங்காலம், களியக்காவிளையில் நல்ல நெரிசல். எதிரே ஒரு லாரி, அதன் பக்கத்தில் ஒரு பஸ், நடுவில் புகுந்து வருகிற ஒரு ஸ்கூட்டர். நான் பழக்கத்தில் இடது பக்கம் திரும்பி மைனியின் காலைப் பார்த்தேன். கால் அங்கே இல்லை. பட்டுச்சேலையைச் சுருட்டிக்கொண்டு, இரண்டு காலையும் சீட்டின்மேல் தூக்கிவைத்துச் சம்மணம் போட்டு, மிச்சமிருந்த முந்திரிக்கொத்தைத் தின்றுகொண்டு வந்தாள்.